மூணு பேத்துக்குமா? ஆட்டிசமுள்ள மூன்று பிள்ளைகளின் அம்மாவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஆவாரம்பாளையம் பக்கம் வீடு. வீட்டுக்காரர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெரியவனுக்கு வயது 17, நடுவுலவனுக்கு 13, பாப்பாவுக்கு 9. மூவருக்கும் ஆட்டிசம். எட்டு வருடமாகப் பெற்றோர் கூட்டங்களில் பேசுகிறேன், அவ்வப்போது எழுதவும் செய்கிறேன். மேடையில் இருக்கும்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து டீ டம்ளரைக் கையில் எடுத்த பிறகுதான் மனதில் இருக்கிற கேள்வி வெளியே வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் பெயர் எங்கேயும் வராது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஏனுங்க, மூணு பேத்துக்குமா? அதெப்படி?

ஆமாங்க, மூணு பேத்துக்கும்தான். எங்களுக்கும் முதலில் இடி விழுந்த மாதிரிதான் இருந்தது. பிறகு படிக்கப் படிக்க, இது அப்படியொன்றும் உலக அதிசயம் இல்லை என்று புரிந்தது. ஆட்டிசம் பெரும்பாலும் மரபணு வழி வருவது. டென்மார்க், ஃபின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து இடங்களில் 20 லட்சம் பிள்ளைகளின் பதிவேடுகளை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆட்டிசம் ஏற்படுவதில் மரபுவழியின் பங்கு சுமார் 80 சதவீதம் என்றது அது.

அண்ணன் அக்காக்களில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தால், பின்னால் பிறக்கும் பிள்ளைக்கும் இருக்க ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தவர்களில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ இருந்தால் அது சுமார் 37 சதவீதமாக ஏறுகிறது. குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு இது, 2024-ல் வந்தது. பாப்பா பிறந்தபோது இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ரெண்டு பேருக்கு இருக்குன்னு தெரிஞ்சும் எதுக்கு மூணாவது?

இந்தக் கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் கேட்கிறார். பதில் எங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். பாப்பா ஒருநாள் இதைப் படிப்பாள் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

ஆட்டிசம்னா மனநோயா? தமிழில் என்ன சொல்வது?

நோயில்லை. மூளை வளரும் விதமே வேறாக இருப்பது. பேச்சு, பழக்கவழக்கம், சத்தத்தையும் வெளிச்சத்தையும் தொடுதலையும் வாங்கிக்கொள்ளும் முறை எல்லாம் அதனால் வேறாகின்றன. 1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்து இதற்குத் தனி அடையாளம் வந்தது. தமிழில் ‘மதியிறுக்கம்’ என்கிறார்கள். ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று அரசுக் காகிதங்களில் பார்த்திருக்கிறேன். 12672 என்றால் நீலகிரி எக்ஸ்பிரஸ், 12674 என்றால் சேரன், 12676 என்றால் கோவை எக்ஸ்பிரஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற எங்கள் பெரியவனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லையாம்! நான் ஆட்டிசம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

யார் மேல தப்பு? போன் கொடுத்ததாலயா, ஊசியாலயா, சொந்தத்துல கட்டினதாலயா?

நாங்கள் சொந்தம் கிடையாது. பெரியவன் சின்னவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் பட்டன் போன்தான். குலதெய்வத்துக்குச் செய்யாமல் விட்ட குறை என்று அத்தை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். செய்தோம். கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டோம். அத்தைக்கு மனசு ஆறியது, அந்த அளவுக்கு நல்லதுதான்.

ஊசி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அதில் இருந்ததே 12 பிள்ளைகள். அது சரியில்லாத வேலை என்று தெரிந்து 2010-ல் அந்த இதழே திரும்பப் பெற்றது, எழுதிய மருத்துவரின் உரிமமும் பறிபோனது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சம்பந்தமே இல்லை என்று 2019-ல் சொன்னார்கள். என் மூன்று பேருக்கும் எல்லா ஊசியும் போட்டாயிற்று.

அம்மாவைக் குற்றம் சொல்வது நம் ஊரில் மட்டும் நடக்கிற வேலையுமில்லை. பாசமில்லாத அம்மாக்களால்தான் பிள்ளைகள் இப்படி ஆகின்றன என்று மேல்நாட்டு மருத்துவர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள். ‘ஃபிரிட்ஜ் அம்மா’ என்று பட்டப்பெயர்கூட உண்டு. அந்தக் கதையைப் பலமாக உடைத்தவர் 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவரும் ஆட்டிசமுள்ள ஒரு பையனின் அப்பா.

மூன்று பேரும் ஒரே மாதிரிதானே? ஒருவரை வளர்த்த அனுபவம் அடுத்தவருக்கு உதவியிருக்குமே?

காகிதம் நிரப்புவதற்கு உதவியது. மற்றபடி ஒவ்வொரு தடவையும் அரிச்சுவடியிலிருந்துதான்.

காலை ஆறரை மணியைச் சொல்கிறேன். பெரியவன் எழுந்ததும் ‘ம்ம்ம்’ என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எடுப்பான். அது அவனுக்கு நிம்மதி. தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி வீடு முழுக்கக் கேட்கும். நடுவுலவனுக்குச் சத்தமே ஆகாது. அவன் காதைப் பொத்திக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்காருவான். பாப்பாவுக்கு எல்லாம் வரிசைப்படி நடக்க வேண்டும்: முதலில் பல் தேய்ப்பது, பிறகு பால், பிறகு தலை வாருவது. அண்ணன் பீரோ பக்கம் போய்விட்டால் பல் தேய்க்கிற வரிசை உடைகிறது. வரிசை உடைந்தால் அவள் அழுவாள். அவள் அழுகிற சத்தம் நடுவுலவனை இன்னும் உள்ளே தள்ளும், பெரியவன் முனகலைக் கூட்டுவான். ஒரு பிள்ளைக்கு மருந்தாக இருப்பது இன்னொரு பிள்ளைக்கு வலியாக இருக்கிறது. மூன்று பிள்ளை வீட்டின் கஷ்டமே இந்த இடத்தில்தான்.

இதைச் சரிசெய்ய எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. பெரியவனின் முனகலை நிறுத்தப் பார்த்தது எங்கள் முதல் தவறு. இப்போது எழுந்ததும் அவன் அப்பாவோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவான், முனகலெல்லாம் அங்கே. நடுவுலவன் காதில் பட்டறைக்காரர்கள் போடுகிற காதுக்கவசம் இருக்கும். வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தது, விலை கூடின எதையும்விட அதுதான் உழைக்கிறது. குக்கர் விசில் அவனுக்கு ஆகாது என்பதால், பிள்ளைகள் எழுவதற்கு முன்பே, விடியற்காலை நாலரைக்குப் பருப்பு வேகவைத்துவிடுவேன். பாப்பாவின் வரிசை படமாக வரைந்து கண்ணாடி பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ‘அண்ணன் இல்லாத நாள்’ என்று அதில் இன்னொரு வரிசையும் உண்டு. அந்த யோசனை அவளுடையது.

பேச்சும் அப்படித்தான். பாப்பா வாய் ஓயாமல் பேசுவாள். நடுவுலவன் வாயால் பேசுவதில்லை, டேப்லெட்டில் படத்தைத் தொட்டுப் பேசுகிறான். ஆவாஸ் என்ற செயலி, சென்னையில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. அதில் அவன் முதலில் கேட்டது பாலுமில்லை, அம்மாவுமில்லை. ‘நிறுத்து’ என்ற படத்தைத்தான் தொட்டான். அன்றைக்கு ஃபேனை நிறுத்தினோம், டி.வி.யை நிறுத்தினோம், மிக்ஸியை நிறுத்தினோம். கடைசியில் நான் பேசுவதை நிறுத்தினேன். சிரித்தான்.

பெரியவன் பேசுவது எதிரொலி. எக்கோலாலியா என்பார்கள். கேட்ட வாக்கியத்தைக் கேட்டபடியே திருப்பிச் சொல்வான். பால் வேண்டுமென்றால் “பால் வேணுமா?” என்பான். நாங்கள் அவனிடம் அப்படித்தானே கேட்கிறோம்! புது ஆட்கள், பையன் தங்களுக்குப் பால் தருகிறான் என்று நினைத்து “வேண்டாம் தம்பி” என்பார்கள். அவன் முகம் வாடிப்போகும்.

பெண் பிள்ளைக்கும் இருக்குமா? பார்த்தால் தெரியவில்லையே?

பாப்பாவுக்கு ஏழு வயதில்தான் தெரிந்தது. இரண்டு பேரை வளர்த்த எனக்கே தெரியவில்லை, பாருங்கள். பள்ளியில் பக்கத்துப் பிள்ளை சிரித்தால் இவளும் சிரிப்பாள், அவள் கையைக் கட்டினால் இவளும் கட்டுவாள். நகல் எடுத்து நகல் எடுத்தே நாளை ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது உடைந்துபோவாள். சாக்ஸ் தையல் விரலில் உறுத்துகிறது என்று ஒரு மணி நேரம் அழுகை. நானும் பிடிவாதம் என்று நினைத்து இரண்டு தடவை அடித்திருக்கிறேன். பெண் பிள்ளைகளிடம் இந்த மறைக்கும் பழக்கம் அதிகம் என்பதால் பலருக்குத் தாமதமாகத் தெரிகிறது, சிலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பேச்சு வந்துவிட்டது, மார்க் வாங்குகிறாள் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

குணமாகுமா? ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து கிடையாது. திறமைகள் வளரும், கஷ்டங்கள் குறையும், பிள்ளை பெரியவனாவான், அவ்வளவுதான். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-லேயே சொல்லிவிட்டது. உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குகிறோம் என்று கிலேஷன் செய்து, 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தே போனான்.

நாங்களும் ஏமாந்தவர்கள்தான். பெரியவனுக்கு ஐந்து வயதில் ஓர் இடத்தில் ஆறு மாதத்தில் பேச வைக்கிறோம் என்றார்கள். என் தாலிக்கொடி அடகுக்குப் போனது. ஆறு மாதம் கழித்து அவன் சொன்னது, அந்த இடத்து வரவேற்பில் இருந்த பெண் போனில் சொல்கிற “லைன்ல இருங்க” என்பதைத்தான். நாள் குறித்துச் சொல்பவரிடம் போகாதீர்கள். இதற்கு மேல் எனக்கு மருத்துவம் தெரியாது.

அப்படியென்றால் எந்த தெரபிக்குப் போவது? மூன்று பேருக்கும் எப்படிக் கட்டுப்படியாகிறது?

கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் சில உண்மைகள் சீக்கிரம் புரிந்தன. பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபியும் எங்களுக்கு உதவின. ஆனால் வாரத்தில் இரண்டு மணி நேரம் அங்கே நடப்பதைவிட, அதை நான் பார்த்துப் பழகிக்கொண்டு வந்து சமையலறையில் செய்வதுதான் அதிகம். அம்மாவை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்துகிற இடத்துக்கு இப்போது நான் போவதில்லை. சின்னக் குழந்தைகள் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, காசு கிடையாது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது.

எங்களுக்கு மிகப் பெரிய தெரபி, வாரத்தில் ஒரு நாள் மூன்று பேரையும் எதற்கும் கூட்டிப்போகாமல் வீட்டில் விட்டது. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கிடையாது. யாரும் என் பிள்ளையைத் திருத்த வராத ஒரு நாள்.

வீட்டைவிட்டு வெளியே ஓடிவிடுவார்களா? எங்கள் பையன் ஓடுகிறான், பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான், அதனால் விவரமாகச் சொல்கிறேன். பெரியவனுக்குப் பத்து வயது. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், வாட்டர் கேன் போடுகிறவர் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். இறங்கி வந்து பார்த்தால் செருப்பு இருக்கிறது, அவன் இல்லை. ஒரு மணி நேரம் தெருத் தெருவாக அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பெயர் சொல்லித் தேடினால் எப்படிக் கிடைப்பான்? அவன் என்ன விரும்புவான் என்று யோசித்தவர் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த ஒரு அண்ணன். நேராகப் பீளமேடு ரயில் நிலையத்துக்கு வண்டியை விட்டார். நடைமேடை பெஞ்சில் கால் சுட்டுச் சிவந்துபோய் உட்கார்ந்து, போகிற வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடிக்கும் வரை அந்த அண்ணன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

அன்றைக்கப்புறம் கதவின் மேல்பக்கம், கை எட்டாத இடத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்தோம். இப்போது அவன் அப்பாவைவிட உயரம், தாழ்ப்பாளுக்கு வேலை இல்லை. கையில் எங்கள் போன் நம்பர் பொறித்த ஸ்டீல் காப்பு போட்டிருக்கிறான், பட்டறையிலேயே செய்தது. டீக்கடை, மளிகைக் கடை, ஆட்டோ ஸ்டாண்ட், ரயில் நிலையம் நான்கு இடத்திலும் அவனை நேரில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். பிள்ளைக்குத் தண்ணீர் பிடிக்குமென்றால் பக்கத்துக் குளம், கிணறுகளைத்தான் முதலில் தேட வேண்டும். அழுவதெல்லாம் அப்புறம்.

கோவில், கல்யாணம், தீபாவளி?

தீபாவளிக்கு முந்தின நாளே சத்தம் குறைவான ஊருக்குப் போய்விடுவோம், என் அப்பிச்சி இருந்த தோட்டத்து வீட்டுக்கு. கல்யாணத்தில் முகூர்த்தத்துக்குப் போகாமல் முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு, மேளம் வருவதற்கு முன் போய் மொய் வைத்துவிட்டு வந்துவிடுவோம். நடுவுலவனுக்கு மொட்டை போடவில்லை. கத்தி தலையில் பட்டால் அவனுக்கு நெருப்பு பட்ட மாதிரி. மூன்று நுனி முடியைக் கத்தரித்து உண்டியலில் போட்டோம். சாமி ஒன்றும் கேட்கவில்லை, சொந்தக்காரர்கள்தான் கேட்டார்கள்.

அட்டை, சலுகை விவரம்?

சுருக்கமாக: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்ந்த 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மருத்துவக் குழு மதிப்பிட்டு 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று கொடுத்தால்தான் பெரும்பாலான உரிமைகள் கிடைக்கும். யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 6 வயதிலிருந்து 18 வரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க அந்தச் சட்டத்திலேயே இடமுண்டு. பள்ளிக்காரர்கள் தெரியாது என்பார்கள், பிரிவு 31 என்று சொல்லுங்கள். நிராமயா என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. மூன்று பேர் என்றால் மூன்று விண்ணப்பம், மூன்று செட் நகல். நகல் கடைக்காரர் எங்களுக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

வெளியே பேச வேண்டும் என்று ஏன் தோன்றியது? வீட்டு விஷயம்தானே?

பெரியவன் சின்னவனாக இருந்தபோது எனக்கு யாருமே கிடைக்கவில்லை. மருத்துவர் சொல்வார், டீச்சர் சொல்வார், “எங்க வீட்லயும் இப்படித்தான்” என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. முதல் தடவை ஒரு கூட்டத்தில் எழுந்து, பையன் ஒன்பது மாதமாகத் தயிர்சாதம் தவிர எதுவும் சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். பின் வரிசையில் ஒரு அம்மா, “எங்களுக்கு ரெண்டு வருசமா இட்லி மட்டும்ங்க” என்றார். மொத்த ஹாலும் சிரித்தது, அவரும் நானும் அழுதுகொண்டே சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்னும் போகிறேன்.

அப்புறம் ஏன் பிள்ளைகளின் படம், வீடியோ எதையும் காட்டுவதில்லை?

காட்டியிருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால். பெரியவனுக்கு அப்போது 11 வயது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிற மாதிரி ஒரு மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் மொத்தமாக உடைந்துபோவது. ஒரு கையால் அவனைத் தடுத்துக்கொண்டே இன்னொரு கையால் போனில் எடுத்தேன். எங்கள் கஷ்டம் ஜனங்களுக்குப் புரியட்டும் என்றுதான். அதில் என் குரல் கேட்கும்: “இப்படித்தாங்க தினமும். என்னால முடியலைங்க.” போட்டேன். ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். நீங்கள் தெய்வத்தாய் என்றார்கள். இரண்டு நாள் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி. கரண்ட் போயிருந்தது. பாயில் படுத்தபடி பெரியவன் இருட்டைப் பார்த்துச் சொன்னான்: “என்னால முடியலைங்க.” என் குரல், என் இழுவை, கடைசியில் நான் மூச்சு வாங்குவது உட்பட. அவனுக்கென்று சொந்தமாகச் சொற்கள் குறைவு, நாம் கொடுப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறான். நான் அவனுக்கு அந்த வாக்கியத்தைக் கொடுத்திருக்கிறேன். பேசினபோது கேட்டதா, அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது கேட்டதா, தெரியவில்லை.

எழுந்து அழித்தேன். அதற்குள் யார் யாரோ எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். இன்றைக்கும் எங்கோ அது சுற்றிக்கொண்டிருக்கும். அவனுக்கும் அந்த வாக்கியம் போகவில்லை. பல் வலித்தால், காய்ச்சல் வந்தால், ரயில் தாமதமானால் அதையேதான் சொல்கிறான். அவனுக்கு இப்போது அதுதான் வலிக்கான சொல்.

அப்படியானால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

நான் வைத்துக்கொண்ட அளவுகோலைச் சொல்கிறேன், மற்றவர்கள் வேறு வைத்துக்கொள்ளலாம். குளியலறை, வயதுக்கு வருவது, மருந்து, மெல்ட்டவுன் இவை எதையும் சொல்வதில்லை. (பெரியவனின் முட்டலை மேலே எழுதிவிட்டீர்களே என்பீர்கள். ஆமாம். அந்தத் தவறைச் சொல்லாமல் காரணத்தைச் சொல்ல வழி தெரியவில்லை.) என் பயம், என் கோபம், நான் ஏமாந்தது, நான் அடித்தது எல்லாம் என்னுடையவை, அவற்றைத் தாராளமாகச் சொல்வேன்.

எழுதியதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன். பாப்பா சம்மதம் என்றால் சம்மதம், இல்லையென்றால் இல்லை. சாக்ஸ் கதையைச் சொல்ல விட்டாள். இன்னொரு நல்ல கதை இருக்கிறது, விடமாட்டேன் என்றுவிட்டாள். நடுவுலவன் டேப்லெட்டில் ‘நிறுத்து’ தொட்டால் அந்தப் பத்தி போயிற்று. பெரியவனிடம்தான் எனக்குத் தடுமாற்றம். படிக்கும்போது எழுந்து போய்விட்டால் எடுத்துவிடுகிறேன், உட்கார்ந்திருந்தால் வைத்துக்கொள்கிறேன். ஃபேன் காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறானோ என்றும் சந்தேகம் வரும்.

2020-ல் அமெரிக்காவில் யூடியூப் நடத்திய ஒரு குடும்பம், சீனாவிலிருந்து தத்தெடுத்த ஆட்டிசமுள்ள பையனை லட்சக்கணக்கானவர்களுக்குக் காட்டிவிட்டு, பிறகு வேறொரு குடும்பத்துக்கு அனுப்பிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை. என் போனில் மிச்சமிருந்த வீடியோக்களை எண்ணிப் பார்த்தேன்.

பணம் வருகிறதா?

கூட்டம் நடத்துகிறவர்கள் பஸ் செலவு தருகிறார்கள், சில இடத்தில் சால்வை. சால்வை பதினொன்று இருக்கிறது, பாப்பா கூடாரம் கட்ட எடுத்துக்கொள்கிறாள். பிள்ளைகளை வைத்து வீடியோ போட்டுச் சம்பாதிப்பவர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், பிரான்சில் 2020-ல் அதை முறைப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், பிள்ளை பங்கெடுத்த வருமானத்தில் ஒரு பகுதியை அந்தப் பிள்ளைக்காக ஒதுக்கி வைத்தாக வேண்டும். நம் ஊரிலும் வந்தால் நல்லது.

ஆட்டிசமுள்ள பெரியவர்களே உங்களைப் போன்ற அம்மாக்களைக் குறை சொல்கிறார்களாமே?

சொல்கிறார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். ஜிம் சின்க்ளேர் என்பவர் ஆட்டிசமுள்ளவர். 1993-ல் டொராண்டோ மாநாட்டில் பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்கிற பொருளில் பேசினார். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்று அழுகிறீர்கள், வந்திருக்கிற நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் சாரம். நான் அதைப் படித்தது வீடியோவை அழித்த பிறகு. முன்னாலேயே படித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் சொல்வதெல்லாம் எனக்கு உடன்பாடு என்று இல்லை. தூங்காத ராத்திரிகளை நான் கஷ்டம் என்றுதான் சொல்வேன்.

பெரியவனுக்கு 18 ஆகப்போகிறதே, உங்களுக்குப் பிறகு யார்?

18 ஆனதும் சட்டப்படி அவன் பெரியவன். பெற்றோர் என்ற முறையில் நாங்கள் அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளராக ஆக வேண்டும். அவனுக்கே முடிவெடுக்க முடிகிற விஷயங்களில் உதவியாக மட்டும் ஒருவர் நிற்கலாம் என்று 2016 சட்டமும் சொல்கிறது. எது அவனுக்குப் பொருந்தும் என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

காகிதம் ஆகிவிடும். எங்களுக்குப் பின்னால் என்கிற வரியில் யார் பெயர் என்பதுதான் கேள்வி. பாப்பாவின் பெயரை எழுத மாட்டோம். அவள் வாழ்க்கை அவளுக்கு வேண்டும். என் தங்கச்சி, தான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வாயால் சொன்னால் போதாது, வந்து இருந்து பார் என்றேன். போன மாதம் ஒரு வாரம் வந்து இருந்தாள். நான் சமையலறைக்கே போகவில்லை, எதையும் சொல்லிக்கொடுக்கவுமில்லை.

முதல் நாள் காலையில் பெரியவன் அவள் எதிரில் போய் நின்று “பால் வேணுமா?” என்றான். “எனக்கு வேண்டாம் சாமி, நான் காப்பி குடிச்சிட்டேன்” என்றாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். இரண்டாம் நாளும் அதேதான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவன் வாயைத் திறப்பதற்குள், அவள் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்து, “பால் வேணும்” என்றாள். அவன் டம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “பால் வேணும்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு, மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனான்.